கே.எம். என்று எழுதிய புட்டி

வாழவந்தி, ஏற்காடு
2.6.1985

அன்புள்ள கலா கண்ணுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் மாடும் சௌக்கியம். உன் தலைவலி விட்டதா? கண்ணாடி மாற்றச் சொன்னார்களே, மாற்றினாயா? சேகர் இந்த வருஷம் எத்தனாவது வகுப்பு?

போன புதன்கிழமை உன் அக்காவுக்கு வருஷத் திதி கொடுத்து முடித்தேன். சமையலுக்குப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி வந்திருந்தாள். இலை போடும்போது கேட்டாள்: "ஏனுங்க வாத்தியாரே, கண்ணம்மாக்கா பெங்களூருல சீசாவுக்குள்ள உசுரோட இருக்குதுன்னு சொல்றீங்க. அப்பறம் திதி எதுக்குங்க?"

கேலிதான். ஆனாலும் பதில் சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லையே. "உங்கூட்டுத் தயிருக்கு உறை யாருகிட்ட வாங்கின?" என்றேன். "அக்காகிட்டத்தானுங்க. எட்டு வருஷமாச்சு." "அந்தப் பாலும் இல்லை, அந்த மாடும் இல்லை. தினமும் புதுப்பாலில் பழைய உறையை விட்டுக்கொண்டே வருகிறாய். இன்றைக்கு உன் சட்டியில் இருப்பது யாருடைய உறை? ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த கட்டியிலிருந்து செல்களை எடுத்து, கலா அப்படித்தான் புட்டிக்குப் புட்டி மாற்றி வளர்க்கிறாள்" என்றேன். மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரியில் நான் வந்தபோது நீ காட்டிய குரோமோசோம் படத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எல்லாம் ஜோடி ஜோடியாக நிற்க, ஒன்று மட்டும் காது முறிந்த கோணி ஊசி மாதிரி நீளமாகத் தனியே நின்றதே. "இதுதான் அக்கா செல்லுக்கு அடையாளம்" என்றாய்.

கண்ணம்மா மாதப்பன் என்பதைச் சுருக்கி அவள் செல்களுக்கு நீ வைத்த பெயர், கே.எம்., இப்போது எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது? ஊர்ப் பெயர்களை எழுது. பள்ளிக்கூடத்து அட்லஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. குறித்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. மழைக்கு முன் பதில் போடு.

மாமா,
மாதப்பன்

*

பெங்களூர்
17.6.1985

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உங்களுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

நீங்கள் கேட்ட ஊர்கள்: ஹைதராபாத், மதராஸ், திருவனந்தபுரம். இம்மூன்றுக்கும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அனுப்பினேன். கல்கத்தாவுக்குப் போன வருஷமே ஒரு குப்பி உறைய வைத்து அனுப்பியிருந்தேன். அட்லஸில் இப்போதைக்குப் பென்சிலால் குறியுங்கள்.

ஒரு விஷயம். ஜனவரியில் நீங்கள் ஆய்வகத்துக்கு வந்தது என்ன தேதி? பொங்கல் கழிந்து என்று மட்டும் ஞாபகம். நான் முதலில் அக்காவின் செல்களைக் காட்டினேன். டெலிபோன் வந்தது என்று போய்விட்டுத் திரும்பினேன். நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றீர்கள். இரண்டாம் முறை லென்ஸில் பார்த்தபோது உங்கள் உதடு அசைந்தது. என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. இது ஞாபகம் இருக்கிறது, தேதிதான் இல்லை. பஸ் டிக்கெட் வைத்திருந்தால் பார்த்து எழுதுங்கள்.

சேகர் நான்காம் வகுப்பு.

உங்கள்
கலாவதி

*

வாழவந்தி
24.6.1985

அன்புள்ள கலா,

மாமாவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, நடக்கத் தடையில்லை.

நான் வந்தது ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. டிக்கெட் இல்லை, டைரியில் இருக்கிறது. மறுநாள் சேகருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நீ மூன்று வாரம் லீவு எடுத்தாய். அதனால் சந்தேகமில்லை.

எதற்காகக் கேட்கிறாய்? அன்றைக்கு ஏதாவது ஆயிற்றா? நீ காட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட் பஞ்சு கொடுத்தாய், கை துடைத்தேன். எதையும் தொடவில்லை. திரும்பும்போது உன் ஆய்வக உதவியாளர் மனுவேல்தான் பஸ் நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார். நல்ல மனிதர். அவருக்கு இரண்டு பெண்கள் என்று சொன்ன ஞாபகம்.

பென்சிலால் ஏன் குறிக்கச் சொன்னாய் என்று புரியவில்லை. விவரமாக எழுது.

மாமா

*

பெங்களூர்
8.7.1985

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

மே மாதக் கடைசியில் ஹைதராபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "நீங்கள் அனுப்பிய கே.எம். ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒய் குரோமோசோம் இருக்கிறது." ஒய் ஆண்களுக்குத்தான் உண்டு, மாமா. நான் இங்கே இருக்கும் கே.எம். புட்டிகளைச் சோதித்தேன். எல்லாவற்றிலும் ஒய். அந்த நீள ஊசி ஒன்றில்கூட இல்லை.

கே.எம். என்ற பெயரில் நாங்கள் வளர்ப்பதும் ஊர் ஊராக அனுப்பியதும் அக்கா இல்லை.

ஆப்பரேஷனுக்கு முன்னால் நான் கேட்டபோது அக்கா சிரித்தாள். "எனக்கு வேண்டாம்னுதான் வெட்டி எடுக்கறாங்க. உனக்கு ஆகும்னா எடுத்துக்க கண்ணு. பொறவு பத்திரமா வெச்சிருக்கோணும், அதான்" என்றாள். பத்திரமாக வைக்கவில்லை.

எங்கள் அறையில் ஆர்.என். என்று இன்னொரு வரிசை உண்டு. யாரோ ஒரு ஆணின் தொண்டைக் கட்டியிலிருந்து வந்தது. மிக வேகமாக வளரும். ஊட்டநீர் ஊற்றும் குழாயில் ஒட்டிய ஒரே துளி போதும், சில வாரத்தில் அடுத்த வரிசையை மூடிவிடும். அதனால் இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் மேஜை மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை ஆர்.என். நாள். அன்று நீங்கள் சொல்லாமல் வந்து நின்றீர்கள். நான் ஆர்.என். வேலையில் இருந்தேன். உங்களுக்காகக் கே.எம். புட்டியையும் எடுத்து வைத்தேன்.

வெளியாளை உள்ளே விட்டதை டைரக்டரிடம் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் புட்டி மாற்றியது மனுவேல். டைரக்டர் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாய் திறக்காமல் நிற்கிறேன்.

கே.எம். போன இடங்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். மதராஸ்காரர்கள் என்னைக் கேட்காமல் பம்பாய்க்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து யாருக்குப் போனதோ.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

கலா

*

வாழவந்தி
5.8.1985

அன்புள்ள கலா கண்ணு,

கோபம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாலு வாரம் எழுதாததற்குக் காய்ச்சல் என்று எழுத நினைத்தேன். காய்ச்சல் இருந்தது மூன்று நாள்தான். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒரு துளி எல்லாவற்றையும் மூடிவிடும் என்பது புரிகிறது. நம் காப்பித் தோட்டத்தில் உண்ணிச்செடி செய்கிற வேலைதான். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

கொட்டச்சேடு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் ரிப்பன் நிறத்தை வைத்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒருநாள் ரிப்பனை மாற்றிக் கட்டி வந்துவிட்டார்கள். நான் ஒரு வாரம் அவளை இவளாகவும் இவளை அவளாகவும் நினைத்து மார்க் போட்டேன். பெரியவள் கெட்டுப்போய்விட்டாளே என்று வருத்தம் வேறு. உண்மையில் யாரும் கெட்டுப்போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உன் புட்டிகளிலும் அப்படி இருக்கலாம் அல்லவா? கலந்துபோகாமல், இடம் மட்டும் மாறியிருக்கலாம் அல்லவா? சும்மா கேட்கிறேன்.

மனுவேலை என்ன செய்தார்கள்? அவர் பெண்களில் மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

மாமா

*

பெங்களூர்
12.8.1985

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கண்டு பாதி உயிர் வந்தது. காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள், மழையில் நனையாதீர்கள்.

உங்கள் இரட்டைப் பிள்ளைகள் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ரிப்பனை மாற்ற யாராவது வேண்டுமே. ஒவ்வொரு புட்டியிலும் மார்க்கர் பேனாவால் பெயரும் எண்ணும் நான்தான் எழுதுகிறேன். அந்த வார எழுத்து தெளிவாக இருந்ததா என்று மனுவேலைக் கேட்டேன். "எப்பவும் விட ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேடம்" என்றார். அதனால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி நம்பிக்கைக்கும் இடமில்லை, மாமா. நீங்கள் வருவதற்கு முன்னால் உறைய வைத்த குப்பிகள் இரண்டே இரண்டு. ஒன்றைப் போன வாரம் எடுத்து இளக்கினேன். ஒரு செல்கூடப் புட்டியில் ஒட்டிப் பிழைக்கவில்லை. இன்னொன்று கல்கத்தாவுக்குப் போனது. கோடையில் அவர்கள் குப்பிகளை உறைநிலையில் வைத்திருந்த நைட்ரஜன் கேன் வற்றி, அதுவும் செத்துவிட்டதாம். நேற்றுத் தகவல் வந்தது.

ஆர்.என்.கூட முன்போல் வளர்வதில்லை. நாலு நாளில் நிறைகிற புட்டி இப்போது பத்து நாள் எடுக்கிறது. அதுவும் கெட்டிருக்கும் என்று டைரக்டர் முடிவு செய்துவிட்டார். பூனாவில் சுத்தமான ஆர்.என். இருக்கிறது, புதிதாக வாங்கிக்கொள்ளலாம். இங்கே இருக்கும் கே.எம்., ஆர்.என். இரண்டையும், உறைந்த குப்பிகள் உட்பட, 26ஆம் தேதி திங்கட்கிழமை அவித்துக் கொட்டிவிட உத்தரவு.

மனுவேலுக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மாதக் கடைசியோடு நிற்கிறார். ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. மூத்த பெண்ணுக்குத் தையில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் இப்போதும் "மேடம், டீ சொல்லட்டுமா" என்று கேட்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கலா

*

தந்தி
ஏற்காடு, 20.8.1985

எதையும் அழிக்க வேண்டாம். முக்கியமாக ஆர்.என். மனுவேல் குற்றமற்றவர். கடிதம் வருகிறது. மாதப்பன்.

*

வாழவந்தி
20.8.1985

கலா,

சுகம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேரே சொல்கிறேன்.

ஜனவரி 18 அன்று நான் புட்டிகளைத் தொட்டேன். இரண்டையும்.

நீ டெலிபோனுக்குப் போனாய். மேஜை மேல் இரண்டு சப்பைப் புட்டிகள். லென்ஸுக்கு அடியில், இடது பக்கம் இருந்த கே.எம். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு என்ன தெரியும்? இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. பக்கத்துப் புட்டியிலும் இப்படித்தானா என்று அதையும் எடுத்தேன். இரண்டு கையிலும் இரண்டு. நீ கொடுத்த ஸ்பிரிட் என் விரலில் காயவில்லை. கீழே வைத்துப் பார்த்தால், எழுத்து புட்டியில் இல்லை, என் கட்டைவிரலில் நீலமாக இருந்தது.

உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளிடம், "அழிச்சா அழிச்சேன்னு சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று சொன்ன வாய். அன்று எழவில்லை. பேனா பக்கத்தில் கிடந்தது. தாள் ஒன்றில் நீ எழுதியிருந்த எண்களைப் பார்த்து, இடது பக்கம் இருந்ததில் கே.எம்., வலது பக்கம் இருந்ததில் ஆர்.என். என்று அழகாக எழுதி வைத்தேன். சரியாக எழுதினேன் என்றுதான் நினைத்தேன். உன் ஜூலைக் கடிதம் வரும்வரை அதே நினைப்புதான். இடது கைப் புட்டியை வலது பக்கமும், வலது கைப் புட்டியை இடது பக்கமுமாக வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

"எதையும் தொடவில்லை" என்று ஜூனில் எழுதினேனே, நீ கேட்காமலே எழுதினேன். வகுப்பில் அப்படி முந்திக்கொண்டு சொல்கிறவனைத்தான் நான் முதலில் நிறுத்தி வைப்பேன்.

பிறகு இரட்டைப் பிள்ளைகள் கதையை எழுதினேன். நீயாகக் கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்ற கணக்கு. நீ என்னை நம்பியதால் கண்டுபிடிக்கவில்லை. ஆர்.என். மெதுவாக வளர்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்ததும் தெரிந்துவிட்டது. ஆர்.என். புட்டியில் இருப்பது உன் அக்காதான். 16ஆம் தேதி கடிதம் வந்தது. நான்கு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீஸ் வரை போவதும் வருவதுமாக இருந்தேன்.

இன்று கொடுத்துவிட்டேன். கௌண்டரில் ராமசாமி தந்தியைப் படித்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரய்யா, அழிக்க வேண்டாம்னா எதைங்க? குற்றமற்றவர்னு வேற இருக்குது. கோர்ட்டுக் கேசுங்களா?" என்றான். என்னிடம் படித்தவன். "ஆமாப்பா" என்றேன். "ஜெயிச்சுருவீங்க, நீங்க யாருக்கு என்ன தப்புப் பண்ணீங்க" என்றான்.

இந்தக் கடிதத்தை டைரக்டரிடம் காட்டு. அவர் என்ன கேட்டாலும் நேரில் வந்து சொல்கிறேன்.

மாதப்பன்

*

வாழவந்தி
15.9.1985

அன்புள்ள கலா,

நீயும் மாப்பிள்ளையும் சேகரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தந்தி கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி போடு. 26ஆம் தேதி போய் மூன்று வாரமாகிறது. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னைக்கும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டியே எழுது. மனுவேல் வேலையில் இருக்கிறாரா?

மாமா

*

பெங்களூர்
29.9.1985

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தந்தி ஆகஸ்ட் 21ஆம் தேதியே கிடைத்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் திறக்கவில்லை. உங்கள் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. அப்புறம் யோசித்தேன். நான் கேட்ட பிறகு நீங்கள் இரண்டு மாதம் மறைத்தீர்கள் என்றால், ஹைதராபாத் கடிதம் வந்த பிறகு நான் மூன்று மாதம் மறைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தபோது செல்களின் தோற்றம் மாறித்தான் இருந்தது. மாறுவதும் உண்டு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

26ஆம் தேதி காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். வெளியாளை உள்ளே விட்டது, இரண்டு வரிசையை ஒன்றாக வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போகிறது. அவித்துக் கொட்டுவதை நிறுத்தினார். மனுவேலின் நோட்டீஸை அன்றே வாங்கிக் கிழித்தார்.

மனுவேலிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்: "அது உங்க எழுத்து இல்லேன்னு அப்பவே தெரியும் மேடம். உங்க கே எப்பவும் ஒரு கால் நொண்டும். அது ரெண்டு காலும் நேரா நின்னுச்சு. அன்னைக்கு நல்ல மூடுல இருந்திருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." இதை முன்பே சொல்லக் கூடாதா என்றேன். "எழுத்து நல்லா இருந்தா யாராச்சும் புகார் பண்ணுவாங்களா?" என்றார்.

அதற்குப் பிறகும் ஏன் எழுதவில்லை என்றால், பயம். ஆர்.என். புட்டியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும். அதுவும் அக்கா இல்லையென்றால் உங்களுக்கு என்ன எழுதுவது? முதல் தடவை தயாரித்த ஸ்லைடு சரியாக வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. என் கைதான் சரியில்லை. மூன்றாவது ஸ்லைடை மனுவேல் செய்து கொடுத்தார். முந்தாநாள் பார்த்தேன்.

ஒய் இல்லை. ஓரத்தில், தனியாக, நீளமாக, காது முறிந்த ஊசி.

முப்பது செல் எண்ணினேன், முப்பதிலும் இருந்தது. எட்டு மாதமாக அக்கா வேறு ஆள் பெயரில் இருந்திருக்கிறாள், மாமா. அவளைத்தான் நாங்கள் சோம்பேறி ஆர்.என். என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

இனிப் புட்டியில் மையால் எழுதுவதில்லை. வைர ஊசியால் கண்ணாடியிலேயே கீற வேண்டும் என்று உத்தரவு. தவறான கே.எம். போன நான்கு இடங்களுக்கும் காரணத்தோடு இன்னொரு முறை எச்சரிக்கை எழுத வேண்டும். காரணம் என்று எதைக் குறிப்பிடுவது என்றுதான் யோசிக்கிறேன். உங்கள் பெயர் வராமல் எழுதிவிடலாம்.

இப்போது அட்லஸில் பென்சில் குறிகளை அழித்துவிடுங்கள். பெங்களூரை மட்டும் மையால் குறியுங்கள்.

கலா

*

வாழவந்தி
8.10.1985

அன்புள்ள கலா கண்ணுக்கு,

உன் கடிதம் என்னைச் சாப்பிட வைத்தது. நீயும் சாப்பிடு. இரண்டு வருஷம் தள்ளிப்போனதை நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். நான் அதை ஒரே வரியில் படிக்கவில்லை.

என் பெயர் வராமல் எழுத வேண்டாம். ஹைதராபாத், மதராஸ், பம்பாய், திருவனந்தபுரம் நான்குக்கும் நானே ஆங்கிலத்தில் நான்கு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புட்டியைத் தொட்டவன், எழுத்தை அழித்தவன், தப்பாக எழுதியவன் நான் என்று இருக்கிறது. உன் எச்சரிக்கையோடு சேர்த்து அனுப்பு. அவர்கள் வேறு யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டும் எழுதியிருக்கிறேன். மனுவேலுக்குத் தனியாக ஒன்று, அது ஒட்டியிருக்கிறது. அவர் பெண் கல்யாணத்துக்கு நம் தோட்டத்துக் காப்பித்தூள் நான் கொண்டுவருகிறேன். ஆய்வகத்து வாசலோடு நின்றுகொள்வேன்.

இரண்டாம் முறை லென்ஸில் பார்த்தபோது என்ன சொன்னேன் என்று ஜூனில் கேட்டிருந்தாய். பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். எழுத்தை மாற்றி வைத்துவிட்டுச் சொன்னது அது. ஆகவே அந்த ஆர்.என்., யாரோ ஒரு மனிதர், அவர்தான் கேட்டிருக்கிறார். அவருக்கும் வீட்டில் ஆள் இருந்திருக்கும். அவருடைய புட்டியிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்க வைத்ததற்கு அவர் என்னை மன்னிக்கட்டும்.

உன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அவசரத்தில் மிளகுப் பெட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டாள். கடைசி வாரத்தில் பேச்சு நின்ற பிறகும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். யாருக்கும் புரியவில்லை. அவள் போய் ஆறு மாதம் கழித்து, அடுப்பு மாடத்தில் உப்புச் சட்டிக்கு அடியில் இருந்தது.

அடுத்த முறை அந்தப் புட்டியைக் கையில் எடுக்கும்போது, ஸ்பிரிட் காய்ந்த கையோடு எடுத்து, நீயே சொல்லிவிடு. சாவி கிடைத்துவிட்டது என்று சொல்.

மாமா,
மாதப்பன்